கொட்டியாரத்துப் புளியமரம்: பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் வஞ்சகம் என்னும் கருத்து

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே விரிந்து கிடக்கும் கொட்டியாரக்குடாவின் கரையில், மகாவலி கங்கை கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையில், மூதூர் அமைந்துள்ளது. 1893ஆம் ஆண்டு அங்கே ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. 'வெள்ளைக்காரன் மரம்' என வழங்கிய புளியமரம் ஒன்றின் கீழ், ஆன் என்னும் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் 1660இல் சிறைபிடிக்கப்பட்டார் என்றும், கண்டி மன்னனால் அவர் பத்தொன்பது ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டார் என்றும் அக்கல் கூறும். இக்கூற்றில் இரு மனிதர் ஒருவராக்கப்பட்டுள்ளனர். கப்பலின் தலைவர் தந்தை நொக்ஸ்; அவர் சிறைப்பட்ட மறு ஆண்டே இறந்துபோனார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர் அதே பெயர் கொண்ட மகன். கல்வெட்டே தவறக்கூடும் என்பதற்கு இஃதொரு சிறு சான்று. ஆயினும், இப்புளியமரத்தின் கீழ் நிகழ்ந்ததைக் குறித்து எழுத்து உலகம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டிருக்கும் தீர்ப்பு, அக்கல்லின் பிழையினும் பெரியதொரு வினாவை எழுப்புகின்றது. அத்தீர்ப்பு 'வஞ்சகம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். அச்சொல்லை யார், யாருக்கு, எத்தகைய சிந்தனை மரபில் நின்று சூட்டினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சம்பவம்

1659ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய பெரும் புயலில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த ஆன் என்னும் கப்பல் தன் நடுப் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டிய நிலைக்குள்ளாயிற்று. புதிய பாய்மரம் நடுவதற்கு வாய்ப்பான இடமென்று கொட்டியாரம் தெரிவுசெய்யப்பட்டது. கப்பல் பழுதுபார்க்கப்படும் காலத்தில் வாணிபமும் நடைபெறட்டும் எனக் கருதிய சென் ஜோர்ஜ் கோட்டை அதிகாரி, துணிச்சரக்கையும் பரங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் அதில் ஏற்றுமாறு பணித்தார். வந்தவர்கள் முதலில் ஐயத்துடனேயே கரையிறங்கினர். ஏறத்தாழ இருபது நாட்கள் எத்தீங்கும் நேராதுபோகவே ஐயம் தளர்ந்தது.

இதற்கிடையிற் செய்தி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கு எட்டிற்று. அவன் அனுப்பிய திசாவை ஒருவர் படையுடன் வந்து, மன்னனின் திருமுகம் வந்திருப்பதாகவும் அதனைப் பெறக் கப்பல் தலைவர் நேரில் வரவேண்டும் என்றும் அறிவித்தார். தலைவர் முதலில் தம் மகனையும் ஜோன் லவ்லன்ட் என்னும் வணிகரையும் அனுப்பினார். பின்னர்த் தாமும் கரைக்கு வந்தார். புளியமரத்து நிழலில் அமர்ந்திருந்த வேளையிற் படையினர் அவரையும் உடன்வந்தோரையும் சூழ்ந்து பிடித்தனர். மரம் வெட்டச் சென்ற படகோட்டிகளும் பின்னர்ப் பிடிக்கப்பட்டனர்.

மகன் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல் இதனை வஞ்சகச் செயலாகவே காட்டுகின்றது. அழைப்பு பொய், அன்பு நடிப்பு, திருமுகம் தூண்டிலிரை. பின்வந்த ஐரோப்பிய எழுத்தாளர் பலரும் இதனை மறுசிந்தனையின்றி ஏற்றுக்கொண்டனர். ஆனால், சம்பவம் இத்துடன் முடியவில்லை. அடுத்து நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு முதன்மையானது.

திசாவை கப்பலையும் கைப்பற்ற விரும்பினார். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு கட்டளையிடும்படி அவர் தலைவரிடம் கூறினார். தாம் நேரிற் சென்றாலன்றி ஆட்கள் கேட்கமாட்டார் எனத் தலைவர் சாக்குக் கூறி, இறுதியில் மகனை அனுப்ப இசைவு பெற்றார். மகன் கப்பலிலேறித் தந்தையின் உண்மைக் கட்டளையைத் தெரிவித்தார்: எச்சரிக்கையாயிருங்கள், கப்பலை விட்டுக்கொடாதீர்கள். அதன்பின், தலைவரின் சொல்லுக்கோ வேறெவரின் சொல்லுக்கோ இவ்விடயத்தில் தாம் பணியப்போவதில்லை என்னும் கருத்துப்பட ஒரு கடிதத்தைக் கப்பலாரிடமிருந்து பெற்றுக்கொண்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி சிறைக்கே திரும்பினார். கடிதம் திசாவைக்குக் காட்டுவதற்கென எழுதப்பட்டது. கீழ்ப்படியமாட்டோம் என்று எழுதியதே கீழ்ப்படிதலின் வடிவமாயிற்று. கப்பல் பின்னர்த் துணைத்தலைவர் ஜோன் பேர்போட்டின் பொறுப்பிற் கொட்டியாரத்தைவிட்டு அகன்றது.

ஒரே கரையில், ஒரே கிழமைகளில், இரு தரப்பாரும் ஒருவரையொருவர் கடிதம் காட்டி ஏமாற்றினர். திசாவையின் கடிதம் 'வஞ்சகம்'; கப்பலாரின் கடிதம் 'விவேகம்'. இவ்வேறுபாட்டின் ஊற்றை நொக்ஸின் தனிமனப்பாங்கில் மட்டும் தேடுதல் போதாது. அவரை உருவாக்கிய ஆங்கிலச் சமய இலக்கியத்திலும் வெகுசன இலக்கியத்திலும் அதனைத் தேடவேண்டும்.

2. வஞ்சகம் பற்றிய ஆங்கில இலக்கியம்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து வஞ்சகம் பற்றிய அச்சத்தில் மூழ்கியிருந்த சமுதாயமாகும். இவ்வச்சத்துக்கு மூன்று முகங்கள் இருந்தன எனலாம்.

முதலாவது பொருளாதார முகம். நிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் குடியானவர் வேரறுக்கப்பட்டபோது இலண்டன் நகரம் அறிமுகமற்றோரின் திரளாயிற்று. கிராமத்தில் ஒருவனின் குலமும் தொழிலும் ஊரறிந்தவை. நகரிலோ ஒருவன் தன்னை யாரென்று கூறுகிறானோ அவனே அவன். 1560களில் தோமஸ் ஹார்மன் எழுதிய நாடோடிகள் பற்றிய நூலும், 1591, 1592ஆம் ஆண்டுகளில் றொபேட் கிறீன் எழுதிய எத்தர் பற்றிய சிறு நூல்களும், 1608இல் வந்த தோமஸ் டெக்கரின் நூலும் இந்த அச்சத்தை விற்பனைப் பண்டமாக்கின. போலி நோயாளி, போலிப் படைவீரன், சூதாட்டக்காரன் ஆகியோரின் தந்திரங்களை அம்பலப்படுத்துவதாகக் கூறிய இந்நூல்கள், அத்தந்திரங்களைச் சுவைபடக் கற்பிக்கவும் செய்தன. ஏழையின் ஏமாற்று இவற்றில் விரிவாக வருணிக்கப்பட்டது. நிலத்தை வளைத்துக்கொண்டவனின் ஏமாற்று அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது அரசியல் முகம். 1605இல் வெடிமருந்துச் சதி வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1606இல் இயேசுசபைத் துறவி ஹென்றி கார்னெட் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டபோது, 'இரட்டைப் பொருட்பேச்சு' என்பது நாடறிந்த சொல்லாயிற்று. கொடுங்கோலரின் விசாரணையில், வாயால் ஒன்றைக் கூறி அதன் எஞ்சிய பகுதியை மனத்துள் இருத்திக்கொள்ளலாம் என்பது அக்கோட்பாடு. உயிராபத்தில் வாழ்ந்த ஒரு சிறுபான்மையின் தற்காப்புக் கருவியே அது. ஆயின், புரட்டஸ்தாந்துப் பிரசாரகர் அதனைக் கத்தோலிக்கரின் பிறவிக்குணமாகக் காட்டினர். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்து வாயிற்காவலன் நரக வாயிலில் இத்தகையோனை வரவேற்பதாக நகையாடுவதும் இப்பின்னணியிலேயே. பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆட்சி மாறுந்தோறும் மக்கள் புதுப்புது விசுவாசப் பிரமாணங்களைச் செய்யவேண்டியிருந்தது. 1640க்கும் 1660க்கும் இடையில் நேர்மையான ஓர் ஆங்கிலேயன், ஒன்றுக்கொன்று முரணான ஆணைகளை இட்டிருக்கக்கூடும்.

மூன்றாவது சமய முகம். இதுவே மிக ஆழமானது. பியூரித்தானியரின் கருத்தில் மிகப் பெரிய வஞ்சகன் வெளியிலிருப்பவனல்லன். மனிதனின் சொந்த நெஞ்சமே. எரேமியா ஆகமத்தின் பதினேழாம் அதிகாரத்து ஒன்பதாம் வசனத்தை அடியாகக் கொண்டு, டானியல் டைக் என்னும் போதகர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் மனத்தின் மறைபொருள் குறித்து ஒரு முழுநூலே எழுதினார். மனிதன் தன் பாவத்துக்கு நற்பெயர் சூட்டிக்கொள்வதையும், அயலானின் அதே பாவத்துக்குத் தீப்பெயர் சூட்டுவதையும் இத்தகைய போதகர் இடைவிடாது கண்டித்தனர்.

பொய் அறவே ஆகாதெனப் புனித அகுஸ்தீன் வகுத்த கடும் நெறியைப் பியூரித்தானியர் பொதுவில் ஏற்றனர். ஆயினும் வேதத்திலேயே எகிப்திய மருத்துவச்சியரும் இராகாபும் பொய்யுரைத்து நன்மை பெற்றனரே என்னும் இடர் அவர்கள் முன் நின்றது. வில்லியம் பேர்க்கின்ஸ் முதலானோர், பொய்யுரைத்தல் வேறு, உண்மையை மறைத்தல் வேறு, போர்த்தந்திரம் வேறு எனப் பகுத்தனர். வாய்மைக்கு இலக்கணம் வகுக்கும் வள்ளுவரும் புரைதீர்ந்த நன்மையை அளவுகோலாக்குவதை நாம் அறிவோம். வேறுபாடு யாதெனில், வள்ளுவர் சொல்லின் விளைவை நோக்கினார். பேர்க்கின்ஸ் மரபினர் சொல்லின் வகையை நோக்கினர். வகைப்படுத்தும் அதிகாரம் எவர் கையில் உள்ளதோ அவருக்கு இவ்வழி வாய்ப்பானதாயிற்று.

3. சிறையிலிருந்த வாசகர்

நொக்ஸ் இம்மரபிற் பிறந்தவர். ஏழு கோறளையின் பண்டார கொஸ்வத்தையில் தந்தையும் மகனும் வைக்கப்பட்டபோது அவர்களிடம் எஞ்சியிருந்தவை இரு நூல்கள். ஒன்று லூவிஸ் பெய்லியின் பக்தி வழிகாட்டி. மற்றையது றிச்சட் றொஜேர்ஸின் நூல். இரண்டும் பியூரித்தானிய இல்லங்களிற் பெரிதும் பயிலப்பட்டவை. 1661 பெப்ரவரியிற் காய்ச்சலால் தந்தை இறந்தார். சிறிது காலத்தின் பின், ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மகனுக்கு ஒரு முதியவர் வாயிலாக ஆங்கில வேதாகமம் ஒன்று கிடைத்தது. தாம் பின்னிய தொப்பி ஒன்றை அதற்கு விலையாகக் கொடுத்தார். அவர் முதலிற் கண்ட பகுதி, அப்போஸ்தலர் பணிகளின் பதினாறாம் அதிகாரத்தில், இரட்சிப்புக்கு வழியாதெனச் சிறைக்காவலன் வினவும் இடமாகும்.

தம்மைத் தேற்ற இறைவன் காட்டிய அடையாளமாக நொக்ஸ் இதனைக் கொண்டார். ஆயின், அவ்வதிகாரத்தின் கதையை முழுமையாக நோக்குமிடத்து ஒரு முரண் புலப்படும். நிலநடுக்கத்தாற் சிறைக் கதவுகள் திறந்தும் பவுல் தப்பியோடவில்லை. மறுநாளும் கள்ளமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே வந்து அழைத்துச்செல்லட்டும் என்றார். நொக்ஸ் தேர்ந்த வழி இதுவன்று. அவர் தொப்பி பின்னினார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்தவில் நிலமும் வீடும் பெற்றார். ஸ்டீபன் றட்லன்ட் என்னும் தோழருடன் மூட்டை சுமந்து ஊரூராக வாணிபம் செய்தார். வடபுலத்துக்கான வழிகளை அறிவதே அவ்வாணிபத்தின் மறைநோக்கம். பல்லாண்டு நடமாடிப் பழகியதால் எவரும் ஐயுறவில்லை. 1679 செப்டம்பர் 22ஆந் திகதி புறப்பட்ட இருவரும், எல்லைப்புறத்து அதிகாரியிடம் உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறி நம்பவைத்து, அநுராதபுரம் கடந்து, அருவியாற்றின் போக்கில் வன்னிக் காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18ஆந் திகதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

கொட்டியாரத்துத் திசாவையும் நல்வரவு கூறினார், மறைநோக்கம் கொண்டிருந்தார். எல்லைப்புறத்தில் நொக்ஸும் நல்வார்த்தை கூறினார்; மறைநோக்கம் கொண்டிருந்தார். செயலின் அமைப்பு ஒன்றே. நூலில் முன்னது மனிதனின் துரோகம். பின்னது இறைவனின் பராமரிப்பு. அதே நூல், இந்நாட்டு மக்கள் பொய்யைப் பாவமாகவோ வெட்கமாகவோ கருதாதவர் என்றும், மன்னன் தன் எண்ணத்தை மறைப்பதில் வல்லவன் என்றும் கூறுகின்றது.

சிறைப்பட்டவன் தப்பியோடுவதற்குக் கூறும் பொய்யும் ஆளும் அதிகாரியின் பொய்யும் ஒன்றாகா என ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் நியாயமானதே. அக்காலத்து ஆங்கிலேயர் சிலர் அதனை வெளிப்படையாகவே எடுத்து ஆராய்ந்தனர். அல்ஜியேர்சில் அடிமையாயிருந்து தப்பிய வில்லியம் ஓக்லி 1675இல் வெளியிட்ட தம் நூலில், தன்னை நல்லபடி நடத்திய எசமானனிடமிருந்து ஓடுவது அவனது உடைமையைத் திருடுவதாகாதா எனத் தம் மனச்சாட்சியையே விசாரிக்கிறார். மனிதனைப் பொருளாக வாங்கிய உரிமையே அடிப்படையிற் செல்லாதது என்று முடிவுகட்டுகிறார். இங்கே ஏமாற்று ஏமாற்றாகவே ஒப்புக்கொள்ளப்பட்டு, அதன் நியாயம் எடைபோடப்படுகின்றது. நொக்ஸ் இத்தகைய விசாரணைக்குள் ஆழ்ந்து செல்லவில்லை.

4. மன்னனின் நியாயம்

திசாவையின் செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. திருகோணமலையில் போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை எழுப்பினர். அவர்களை அகற்ற இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே 23ஆந் திகதி மட்டக்களப்பில் உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படையை நிறுத்துவது மன்னனின் விருப்பத்திற்குட்பட்டது என்னும் தொடர், மன்னனுக்குக் கொடுக்கப்பட்ட போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. 1639இல் திருகோணமலைக் கோட்டை வீழ்ந்தது. பின்னர் மன்னனிடம் கையளிக்கவும் பட்டது. ஆனால் காலியும் நீர்கொழும்பும் கையளிக்கப்படவில்லை. 1656இற் கொழும்பு வீழ்ந்தபோது மன்னனுக்கு நகர வாயிலே அடைக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, கொட்டியாரத்தில் இன்னோர் ஐரோப்பியக் கப்பல் நங்கூரமிட்டு, மன்னனுக்கு முறைப்படி திருமுகமோ கையுறையோ அனுப்பாமல் மரம் வெட்டத் தொடங்கியது. இருபதாண்டுகளாகத் தாளில் எழுதி ஏமாற்றப்பட்ட ஒருவன் அதனை எவ்வாறு நோக்கியிருப்பான் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஐரோப்பியரைப் பிடித்துவைத்தல் அவனது அரசியற் கருவியாயிற்று. 1672இல் பிரான்சியக் கடற்படைத் தலைவர் டி லா ஹே திருகோணமலைக்கு வந்தபோது அனுப்பிய தூதரும் கண்டியில் தடுத்துவைக்கப்பட்டார். இவ்விளக்கம் மன்னனைக் குற்றமற்றவனாக்குவதற்கன்று. பத்தொன்பது ஆண்டுகளைப் பறிகொடுத்த இளைஞனின் துயர் உண்மையானது. அரச நியாயம் எதுவாயினும் அதன் விலையைக் கொடுத்தவர் எளிய மாலுமிகளே. ஆனால், ஒரு தரப்பின் ஏமாற்று 'இராசதந்திரம்' எனவும் மறுதரப்பினது 'இனப்பண்பு' எனவும் எழுதப்படும்போது வரலாறு தன் தராசை இழந்துவிடுகின்றது.

5. மெய்ம்மையின் முத்திரை

நொக்ஸ் 1680 செப்டம்பரில் இலண்டன் மீண்டபோது அந்நகரம் பொய்ச்சாட்சியத்தின் பிடியிலிருந்தது. கத்தோலிக்கர் அரசனைக் கொல்லச் சதிசெய்தனர் என டைற்றஸ் ஓற்ஸ் என்பவர் 1678இற் கட்டிவிட்ட கதையை நாடே நம்பிற்று. குற்றமற்ற பலர் தூக்கிலிடப்பட்டனர். ஓற்ஸ் பொய்ச்சாட்சி கூறியவரெனத் தீர்க்கப்பட்டது 1685இலேயே. எவர் சொல்லை நம்புவது என்னும் வினா தலைபோகும் வினாவாயிருந்த அச்சூழலிலேதான் 1681இல் நொக்ஸின் நூல் வெளிவந்தது. அரச கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார். கிறிஸ்தோபர் றென் நூலின் உண்மைத்தன்மைக்குச் சான்று பகர்ந்தார். கம்பனி இயக்குநரின் ஒப்புதலும் கிடைத்தது. விஞ்ஞானமும் வாணிபமும் இணைந்து ஒரு மனிதனின் சொல்லுக்கு முத்திரையிட்டன. நூல் விரைவில் ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. டானியல் டீபோ தம் 'கப்டன் சிங்கிள்டன்' என்னும் புனைகதையில் இவ்வரலாற்றைச் சுருக்கித் தந்தார்.

வேளாண்மை, உணவு, சட்டம், சடங்கு ஆகியன பற்றி நொக்ஸ் தரும் செய்திகள் அரியவை. கண்டி நாட்டு உழவனின் தகுதியை அவர் மதித்துப் பேசுவதும் உண்டு. அந்நூலைப் புறந்தள்ளுதல் அறிவுடைமையன்று. ஆயின் கண்ணாற் கண்ட செய்திக்குக் கிடைத்த முத்திரை, நெஞ்சாற் செய்த தீர்ப்புக்கும் சேர்ந்தே இடப்பட்டுவிட்டது. தானியம் விளையும் முறை பற்றிய கூற்றும் ஒரு மக்கட்கூட்டத்தின் வாய்மை பற்றிய கூற்றும் ஒரே அதிகாரத்துடன் உலகை வலம்வந்தன.

சிறைவாசத்தின் துயரைத் தம் உடலால் அறிந்த நொக்ஸ், பின்னாளிற் கம்பனியின் கப்பல் தலைவராகி, மடகஸ்காரிலிருந்து அடிமைகளை ஏற்றிச்சென்று செயின்ட் எலீனாத் தீவிற் சேர்ப்பித்தார். ஓக்லி எழுப்பிய வினா, மனிதனை வாங்கும் உரிமை செல்லுமா என்பது, அவரைத் தடுக்கவில்லை. டைக் எழுதிய தன்னேமாற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முடிவாக ஒருவரை நினைவுகூரவேண்டும். தந்தை நொக்ஸுக்குப் பணிபுரியப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனும் கொட்டியாரத்திற் சிறைப்பட்டான். தந்தை இறந்தபோது மகனுடன் இருந்தவன் அவனே. ஆங்கில மாலுமிகள் பலரின் பெயர்களைத் தரும் நூல், அவனை நிறத்தாலும் வயதாலும் மட்டுமே குறிக்கின்றது. திசாவையும் அவனை ஏமாற்றினார் என்று கூறுவதற்கில்லை. அவனுக்கு எவரும் எவ்வாக்குறுதியும் கொடுக்கவில்லை. வஞ்சகம் பற்றிய பேச்சு முழுவதும், பேசும் உரிமை பெற்றோருக்கிடையே நிகழும் பேச்சாகும். மூதூர்க் கல் தந்தையையும் மகனையும் ஒருவராக்கியது. பரங்கிப்பேட்டைச் சிறுவனையோ அது குறிப்பிடவே இல்லை. கொட்டியாரத்தின் வரலாற்றை இனி எழுதுவோர் புளியமரத்து நிழலில் அமர்ந்திருந்தவர்களை எண்ணும்போது, அவனையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.